எத்தனை பாண் சுடுதல் தகும்?

இக்கல்லூரியிற் பயின்று சென்று, இப்போது சிறிய பேக்கரி ஒன்றை நடத்திவரும் பழைய மாணவர் ஒருவர் சிலகாலத்துக்கு முன் என்னைக் காண வந்தார். "ஐயா, கடைக்கு ஆள் வந்தவண்ணமே இருக்கின்றது; ஆயினும் மாத முடிவிற் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. பூட்டிவிடலாமோ என்று எண்ணுகின்றேன்" என்றார். எவரும் வெறுங்கையுடன் திரும்புதல் கூடாதென்று அவர் நாள்தோறும் 100 பாண் சுட்டுவந்தார். நான் தமிழ் கற்பிப்பவன். எனினும் கணித ஆசிரியராகிய நண்பரையும் உடனிருத்தி இருவருமாக அவருடைய கணக்கை ஆராய்ந்தோம். அங்குக் கற்றதையே ஈண்டு எழுதுகின்றேன்.

முதலில், 20 நாட்களுக்குப் பாண் கேட்டு வந்தோர் தொகையைக் குறிக்கச் சொன்னோம். விற்றதை மட்டும் குறித்தல் போதாது. தீர்ந்தபின் வந்து திரும்பினோரையும் சேர்த்தாலன்றி உண்மையான கேள்வி புலப்படாது. எண்களை எளிதாக்கிக் கூறுமிடத்து, 60, 70, 80, 90, 100 என்னும் தொகைகள் ஒவ்வொன்றும் நான்கு நாட்களில் வந்தன. சராசரி 80.

ஒரு பாணுக்குச் செலவு 110 ரூபா. விலை 140 ரூபா. மிஞ்சியதை மறுநாள் 50 ரூபாவுக்கே கொடுக்கலாம். ஆகவே ஒரு பாண் குறைந்தால் இழப்பது 30 ரூபா. ஒன்று மிஞ்சினால் இழப்பது 60 ரூபா. இவ்விரண்டும் சமமல்ல என்பதே இக்கணக்கின் உயிர்நாடி.

நாளும் 100 சுட்டால் சராசரியாக 80 விற்று 20 மிஞ்சும். நாளொன்றின் இலாபம் 1200 ரூபா. சராசரியாகிய 80 சுட்டால் 1860 ரூபா. 70 சுட்டாலோ 1920 ரூபா. 60 சுட்டால் 1800 ரூபாவாகக் குறையும். எனவே 70 சிறந்தது.

இதனை ஒரு விதியாகவுங் கூறலாம். குறைவால் வரும் இழப்பை இரு இழப்புக்களின் கூட்டுத்தொகையால் வகுக்க: 30ஐ 90ஆல் வகுக்க மூன்றிலொன்று வரும். குறைந்தது அத்தனை பங்கு நாட்களிலேனும் கேள்வியைத் தீர்க்கவல்ல மிகச் சிறிய தொகையே சுடற்பாலது. 60 பாண் ஐந்திலொரு பங்கு நாட்களுக்கே போதும். 70 பாண் ஐந்தில் இரு பங்குக்குப் போதும். 1888 இல் எட்ஜ்வேர்த் என்னும் பொருளியலறிஞர் வங்கியின் கையிருப்புப் பணத்தைப் பற்றி ஆராய்ந்ததும் இவ்வகைச் சிந்தனையே.

"திரும்பிப் போனவர் மறுபடி வராவிட்டால்?" என்று அவர் வினவினார். நல்ல வினா. அந்நட்டத்தையும் சேர்த்துக் குறைவின் இழப்பை 70 ரூபாவென மதித்தால், அதே விதி 80 பாண் சுடுக என்னும். விதி மாறவில்லை, நாம் இடும் மதிப்பே மாறியது.

விசுக்கோத்தின் செய்தி வேறு. அது வாரக்கணக்கிற் கெடாதிருக்கும். ஆதலின் ஒருமுறைக்கு எவ்வளவு சுடுவது என்பதே வினா. போறணையைச் சூடாக்கும் செலவு சிறிது சுடினும் பெரிது சுடினும் ஏறத்தாழ ஒன்றே. மிகுதியாகச் சுட்டால் அச்செலவு பகிர்ந்து குறையும். ஆனால் முதலும் இடமும் முடங்கும். இவ்விரு செலவும் சமமாகும் அளவே உத்தமம் என்று 1913 இல் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரிஸ் காட்டினார். அவ்வளவு விற்பனையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து வளரும்: விற்பனை நான்கு மடங்காயின், ஒருமுறை சுடும் அளவு இரு மடங்கானாற் போதும்.

மாணவர்காள், நாளை எத்தனைபேர் வருவர் என்பதை எவரும் அறியார். அறியாமையை அச்சத்தால் நிரப்பினால் 100 சுடுவோம்; அளந்து நிரப்பினால் தக்கதைச் சுடுவோம். அந்நண்பர் இப்போது 80 பாண் சுடுகின்றார். குறிப்புப் புத்தகமும் கல்லாப் பெட்டியருகே இருக்கின்றது. கடை பூட்டப்படவில்லை.