கை போகும் திசை

கேள்வி: ஐயா, எங்களுக்கு ஊர் மல்லாங்கிணறு. மகன் எட்டாவது படிக்கிறான். சாயங்காலம் சிலம்பம் பழகுகிறான். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, பொங்கலுக்கு வரும்போது மருமகனுக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச் வாங்கி வருகிறேன் என்கிறான். கையை வாள்போல வீசி ஆடும் 'ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்' கேம்தான் வேண்டுமென்று இவன் பிடிவாதம் பிடிக்கிறான். அவ்வளவு காசு போடும்படி அதில் என்னதான் இருக்கிறது? எங்கள் வீட்டில் டிவி இருப்பதோ சின்ன முன்னறையில்.

– ஒரு வாசகி, மல்லாங்கிணறு

பதில்: சிலம்பம் பழகுகிற பையன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன். கம்பை வேகமாகச் சுழற்றிவிட்டால் மட்டும் ஆசான் மெச்சிவிட மாட்டார். எதிராளியின் கம்பு எந்தப் பக்கம் காவல் நிற்கிறது, எந்தப் பக்கம் திறந்து கிடக்கிறது என்று பார்த்து வீசுகிறானா என்பதைத்தான் கவனிப்பார். கையசைத்து ஆடும் கேமுக்கும் நான் வைக்கும் சோதனை இதுவே. கை போகும் திசைக்குத் திரையில் மதிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டன் அமுக்கும் வேலையைத் தோளுக்கு மாற்றியதுதான் மிச்சம்.

2006இல் நிண்டெண்டோவின் 'வீ' வந்தபோது இந்தக் குறை இருந்தது. அசைவை அறிய அதன் ரிமோட்டில் இருந்தது முடுக்கத்தை அளக்கும் சென்சார் மட்டும். கை அசைந்தது என்று தெரியும். எப்படித் திரும்பியது என்பது சரியாகத் தெரியாது. அந்த ஆண்டே வந்த, செல்டா என்ற சாகச வரிசையின் கேமான 'ட்வைலைட் பிரின்சஸ்'சில் ரிமோட்டை எப்படி ஆட்டினாலும் வாள் வீசும். 2009இல் சுழற்சியை அளக்கும் ஜைரோஸ்கோப்பைத் தனித் துணைக்கருவியாகக் கொண்டுவந்தார்கள். அதை நம்பியே கட்டப்பட்ட கேம்தான் 2011இல் அதே வரிசையில் வந்த ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்.

அதில் எதிரிகள் உங்கள் மகனின் கையைப் படிப்பார்கள். ஒருவகை மாயச் செடி வாயைச் சில சமயம் கிடைவாட்டில் திறக்கும், சில சமயம் நெடுக்குவாட்டில். அந்த வாட்டத்திலேயே வெட்டினால்தான் விழும். இரண்டு கைகளிலும் வாள் ஏந்தி வரும் எலும்புக்கூடு காவல் இல்லாத இடத்தைக் காட்டும்வரை நாம் காத்திருக்க வேண்டும். முதல் பெரிய எதிரி கிராஹிம் வாளின் போக்கைத் தன் கையாலேயே பின்தொடர்ந்து, வெறுங்கையால் பிடித்துவிடுவான். ஒரு பக்கம் போக்குக் காட்டி, சட்டென்று மறுபக்கம் வீச வேண்டும். கம்பு பிடித்துப் பழகிய பிள்ளைக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். மாயாஜாலக் கதைக்குள் நாமே நிற்கிறோம் என்ற எண்ணம் படங்களின் அழகால் வருவதைவிட இந்தச் சண்டைகளால்தான் எனக்கு அதிகம் வந்தது.

இதே வழியில் 2012இல் வேறு இரண்டு கேம்களும் வந்தன. பிளேஸ்டேஷனின் அசைவறியும் கருவியான மூவுக்கு வந்த 'சோர்சரி'யில் மணிக்கட்டை வளைத்து வீசினால் மந்திரக் குண்டும் வளைந்து போகும், நல்ல யோசனை. எக்ஸ்பாக்ஸின் அசைவறியும் கருவியான கினெக்ட்டுக்கு வந்த 'ஃபேபிள்: தி ஜர்னி'யில் பெரும்பாலும் கேம் இழுத்துப்போகும் பாதையிலேயே போக வேண்டும். ஊர் சுற்றித் தேட விடாத ஒன்றைச் சாகசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கைவர்ட் ஸ்வோர்டிலும் குறை உண்டு. பார்த்த இடங்களுக்கே திரும்பத் திரும்ப அனுப்புவார்கள்; ஒரே பெரும்பூதத்தோடு மூன்று முறை மோத வேண்டும். உரையாடல் எல்லாம் எழுத்தில், ஆங்கிலத்தில். எட்டாம் வகுப்புப் பையன் தொடக்கத்தில் தடுமாறலாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து வாசியுங்கள். கதை முடிய 35, 40 மணி நேரம் பிடிக்கும் என்பதால் கொடுக்கிற காசு வீண்போகாது.

முன்னறை சின்னது என்று கவலைப்பட வேண்டாம். இதற்கு ஓட்டமும் குதியும் தேவையில்லை. ஒரு கை நீட்டி வீச இடம் போதும். டிவிக்கும் அவனுக்கும் நடுவே ஓர் ஆள் இடைவெளி விடுங்கள், மணிக்கட்டுப் பட்டையை மாட்டாமல் ஆட விடாதீர்கள். திரையில் கைக்குறி விலகிப்போனால் ஒய் பட்டனை அழுத்தினால் போதும், நடுவுக்கு வந்துவிடும். தம்பியிடம் ஸ்விட்சுக்காக 2021இல் வந்த எச்டி பதிப்பையே வாங்கச் சொல்லுங்கள். கை சோர்ந்த நாளில் பட்டனாலும் ஆட அதில் வழி உண்டு. முக்கியமாக, விலை குறைவு என்று ஸ்விட்ச் லைட் வாங்கிவிட வேண்டாம். அதை டிவியில் இணைக்க முடியாது. கையில் பிடித்து வீசும் ஜாய்-கானும் அதிலிருந்து கழலாது.