காலத்தை வென்ற மரங்கள்
(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

பழங்கால மரக் கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் பேணிக் காப்பதில் வல்லுநரான ஒருவர் இவ்வாண்டு எங்கள் பள்ளிக்கு வருகை தந்து, இரு நாட்கள் படங்களுடன் சொற்பொழிவாற்றினார். நாங்கள் கேட்டுக் குறித்துக்கொண்டவற்றுள் சிலவற்றை இங்கே தருகிறோம்.

ஜப்பானின் நாரா மாநிலத்தில் ஹோர்யூஜி என்னும் பௌத்த ஆலயம் உள்ளது. இன்று உலகில் நிற்கும் மரக் கட்டடங்களுள் மிகப் பழமையானவை அங்கேதான் இருக்கின்றன. அங்குள்ள ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூணுக்கான மரம் கி.பி. 594-இல் வெட்டப்பட்டது என்பதை, மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிக் கண்டிருக்கிறார்கள்!

மரம் வயதினால் மட்டும் கெடுவதில்லை, ஈரத்தினால் கெடுகிறது. மரத்தில் ஈரப்பதம் நூற்றுக்கு இருபதைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிக்கும், பின்னர் உளுக்கும். நார்வே நாட்டில் முற்காலத் தேவாலயங்களின் தூண்கள் மண்ணில் நடப்பட்டிருந்தன. அவை அடியில் மக்கிப் போயின. பிற்காலத்தவர் கல் அடித்தளத்தின்மேல் மரச்சட்டம் அமைத்துத் தூண்களை நிறுத்தி, வெளிப்புறத்துக்குத் தார் பூசினர். அவ்வாறு 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த போர்குன்ட் தேவாலயம் இன்றும் நிற்கிறது.

பழுதான தூணை என்ன செய்வது? முழுவதையும் தூக்கி எறிவதில்லை. மக்கிய அடிப்பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அதே இன மரத்தில் புதுத்துண்டு செதுக்கிப் பொருத்துகிறார்கள். ஜப்பானியத் தச்சர் புதுத்துண்டில் பழுது பார்த்த ஆண்டையும் பொறித்து விடுவார்களாம். பின்னால் வருபவர் பழையது எது, புதியது எது என்று ஏமாறாதிருக்கவே இந்த ஏற்பாடு. இந்த நேர்மை எங்களை மிகவும் கவர்ந்தது. உள்ளே கூடான மரத்தைச் சுத்தியலால் தட்டி ஓசையால் அறியும் முறையையும் அவர் செய்து காட்டினார். அன்று மாலை எங்கள் வகுப்பு மேசைகள் பட்ட பாட்டைச் சகோதரியார்தாம் சொல்லவேண்டும்.

எங்களை வருத்திய செய்தி ஒன்றுண்டு. ஹோர்யூஜியின் பொன்மண்டபத்தில் 1949 ஜனவரி 26-இல் தீப்பிடித்து, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுவரோவியங்கள் கருகின. அது நடந்தது பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது! வேலைக்காக மேல்தளம் முன்பே பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அது மட்டும் தப்பியது. மறு ஆண்டே ஜப்பான் அரசு பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கச் சட்டம் இயற்றியது. பாரிஸ் நோத்ரு தாம் பேராலயத்தின் கூரை 2019 ஏப்ரல் 15-இல் எரிந்ததும் திருப்பணி நடந்த வேளையில்தான். காப்பாற்ற வந்தவர் கைகளிலேயே ஆபத்தும் இருக்கிறது என்பது எங்களுக்குத் திகைப்பாக இருந்தது.

“எரிந்ததை மீண்டும் மரத்தாலேயே கட்டுவானேன்? இரும்பு போதாதா?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். பாரிசிலும் இதே வாதம் எழுந்தது என்றார் அவர். முன்பிருந்தபடியே கட்டுவதென்று 2020-இல் முடிவாயிற்று. ஏறத்தாழ 2,000 கருவாலி மரங்கள் வெட்டப்பட்டன. பல உத்தரங்களைத் தச்சர்கள் பழைய முறைப்படி கைக்கோடரியாலேயே செதுக்கினர். வெட்டிய மரங்களை எண்ணி எங்களில் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் கோடரியேந்தக் கற்ற இளந்தச்சர்களை நினைத்தால் அது வீணாகத் தோன்றவில்லை.

2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. அதன் புதிய மரக்கூரைக்குள், தீ எழுந்தால் பனித்துளிபோல் நீர் தெளிக்கும் குழாய்களை இம்முறை பொருத்தியிருக்கிறார்கள்.