புகைக்குழாய்ச் செலவும் பொது தர்மமும்

சிரஞ்சீவி தம்பி மகனுக்குப் பெரியப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. உன் டீசல் காரில் மஞ்சள் விளக்கு எரிந்ததையும், பட்டறையில் அதைப் பார்த்துவிட்டு டி.பி.எஃப். என்று சொல்லப்படும் துகள் வடிகட்டியை முழுவதுமாக மாற்றியாக வேண்டுமென்று லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு எஸ்டிமேட் கொடுத்ததையும், அதைக் கண்டு கலங்கி நின்ற உன்னிடம் வேறொரு மெக்கானிக், அந்த வடிகட்டியையே அறுத்தெறிந்துவிட்டு, அது இல்லாததைக் காரின் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாதபடி செய்துவிட்டால் சொற்பச் செலவில் காரியம் முடிந்துவிடும் என்று ஆசை காட்டியதையும் விவரமாக எழுதியிருக்கிறாய். இரண்டில் எதைச் செய்யலாம் என்று கேட்கிறாய். இரண்டையும் செய்யாதே என்பதே என் அபிப்பிராயம். காரணம் தெரியாமல் பயந்து பணம் கொடுப்பது விவேகமல்ல. பணத்துக்குப் பயந்து ஊரார் மூச்சுக்குத் தீங்கு செய்வது தர்மமல்ல. இவ்விரண்டுக்கும் நடுவே நிதானமான வழி ஒன்று இருக்கிறது. பட்டறையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற உரிமையில் அதைச் சொல்லுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள். தேன்கூட்டைப் போலக் கண்ணறைகள் நிறைந்த பீங்கான் உருளை அது. ஒவ்வொரு கண்ணறையும் ஒரு முனையில் மட்டும் அடைக்கப்பட்டிருப்பதால், புகை நேராக வெளியேற வழியின்றி நுண்துளைச் சுவர்களின் ஊடே புகுந்து செல்ல நேரிடுகிறது. புகையில் இருக்கும் கரி உள்ளேயே தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய கரி ஓரளவு சேர்ந்ததும், என்ஜின் தானாகவே சிறிது டீசலை அதிகமாகச் செலவிட்டு, புகையின் உஷ்ணத்தை ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தி, அந்தக் கரியை எரித்துத் தீர்க்கிறது. இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். இதற்கு வண்டி இடைவிடாமல் ஓரளவு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நீயோ கோவையில் பீளமேட்டிலிருந்து காந்திபுரத்துக்கும், அங்கிருந்து குழந்தையின் பள்ளிக்கூடத்துக்கும், சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று ஓட்டுகிறாய். உஷ்ணம் ஏறுவதற்கு முன்பே என்ஜினை நிறுத்திவிடுகிறாய். எரிய வேண்டிய கரி எரியாமல் நாளுக்கு நாள் சேர்ந்தால், வடிகட்டி அடைத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆகையால் தம்பி, நான் உனக்குச் சொல்ல விரும்பும் பிரதானமான விஷயம் இதுதான்: புகைக்குழாயின் கடைசியில் இருக்கும் பொருள் கெட்டால், குற்றவாளி பெரும்பாலும் அதற்கு முன்னால் இருப்பான். மேட்டிலிருந்து மண் சரிந்து வருவதைத் தடுக்காமல் வாய்க்காலை மட்டும் தூர்வாருகிறவனுக்கு ஆண்டுதோறும் அதே வேலை காத்திருப்பது போல, கரி ஏன் சேர்ந்தது என்று பாராமல் புது வடிகட்டி மாட்டுகிறவன், சில மாதங்களில் அதே எஸ்டிமேட்டை மறுபடியும் கையில் வாங்குவான். இன்ஜெக்டர் ஒழுகினால் கரி மிகும், புகையில் ஒரு பகுதியை மறுபடியும் என்ஜினுக்கே அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வு சிக்கிக்கொண்டால் கரி மிகும். டர்போவில் ஆயில் கசிந்தாலும், காற்றுக் குழாயில் வெடிப்பு இருந்தாலும் மிகும். இன்னும் சில சமயம் கரியே அதிகம் இராது. வடிகட்டியின் இருபுறத்து அழுத்தத்தை ஒப்பிட்டுச் சொல்லும் சென்சாரோ, அதற்குச் செல்லும் சிறு ரப்பர் குழாயோ பழுதாகி, பொய்க் கணக்குச் சொல்லி விளக்கை எரியவைக்கும். பெட்ரோல் காரிலும் நியாயம் இதுவேதான். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கெட்டுவிட்டது என்று ஸ்கேனர் சொல்லும். ஆராய்ந்து பார்த்தால், தேய்ந்த ஸ்பார்க் பிளக்கோ பலவீனமான இக்னிஷன் காயிலோ பெட்ரோலைச் சரிவர எரிக்காமல் அனுப்பி, அது கன்வர்ட்டருக்குள் எரிந்து, உள்ளிருக்கும் பீங்கானை உருக்கியிருக்கும்.

எனவே, பட்டறைக்காரரிடம் கோபமோ அவநம்பிக்கையோ காட்டாமல், மரியாதையாகச் சில கேள்விகளைக் கேள். ஸ்கேனரில் வந்த கோளாறு எண்கள் யாவை? வடிகட்டியில் கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று காட்டுகிறது? என்ஜின் ஓடாதபோது அழுத்த சென்சார் பூஜ்யத்துக்கு அருகில் நிற்கிறதா? கடைசியாக எப்போது ரீஜெனரேஷன் முழுமையாக நடந்தது? இவற்றை எழுத்தில் வாங்கு. கரிதான் காரணமென்றால், மூல காரணத்தைச் சரிசெய்தபின், பட்டறையில் நிறுத்தியபடியே ஸ்கேனரைக்கொண்டு அதை எரிக்க முயலலாம். என்ஜின் ஆயிலின் சேர்மானங்களிலிருந்து வந்து படியும் சாம்பலோ எத்தனை உஷ்ணத்திலும் எரியாது. அதற்கு வடிகட்டியைக் கழற்றி, உரிய சூளையிலும் காற்றழுத்தத்திலும் சுத்தம் செய்யும் இடத்துக்கு அனுப்ப வேண்டும். கம்பியை விட்டுக் குத்துவதையும் அமிலம் ஊற்றுவதையும் ஒருபோதும் அனுமதிக்காதே; பீங்கான் உடைந்தால் மீளாது. உள்ளே வெடிப்போ உருகலோ கண்ணால் கண்டால் மட்டுமே மாற்றுவதைப் பற்றி யோசி.

அப்படி மாற்றத்தான் வேண்டுமென்று தெளிந்தால், விலையைக் கண்டு மலைக்காதே. அது ஏன் அவ்வளவு விலை என்பதைத் தெரிந்துகொள். புகையைச் சுத்திகரிக்கும் இவ்வகைப் பாகங்களின் மேற்பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், பெட்ரோல் கார்களில் ரோடியம் ஆகிய உலோகங்கள் உண்டு. சில கிராம்களே ஆனாலும் அவை தங்கத்தோடு ஒருங்கே எண்ணத்தக்க அபூர்வப் பொருள்கள். இதிலிருந்து இரண்டு எச்சரிக்கைகள் பிறக்கின்றன. பாதி விலைக்குக் கிடைக்கும் போலிச் சரக்கில் அந்த உலோகம் பேருக்குத்தான் இருக்கும். விளக்கு விரைவில் மறுபடியும் எரியும். அதைப் போலவே, கழற்றிய பழைய பாகம் உன் சொத்து. அதற்கு விலை உண்டு. ஒன்று அதைத் திருப்பி வாங்கு, அல்லது அதன் மதிப்பைப் பில்லில் கழிக்கச் சொல். பணம் கொடுக்குமுன், வண்டியோடு வந்த வாரண்டிப் புத்தகத்தைப் பக்கம் விடாமல் படி. புகை சம்பந்தமான பாகங்களுக்குத் தனி ஷரத்து அதில் இருக்கக்கூடும். எஸ்டிமேட்டில் பாகத்தின் எண், கேஸ்கட், சென்சார், கூலி, வரி, புதுப் பாகத்துக்கான உத்தரவாதம் எல்லாம் தனித்தனியே இருக்கட்டும். அந்தத் தாளோடு இன்னொரு பட்டறையின் அபிப்பிராயத்தையும் கேட்பதில் அவமரியாதை ஒன்றும் இல்லை.

இனி, கழற்றி எறிந்துவிடலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். சட்டம் இதை அனுமதிக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் தண்டனைக்கு அஞ்சி மட்டும் நீ விலக வேண்டும் என்று நான் விரும்பவில்லை. புகைச் சோதனையில் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று அந்த மெக்கானிக் சொன்னாராம். அந்தச் சோதனை பார்ப்பது புகையின் கருமையை. நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்துகளோ கண்ணுக்குப் புலப்படாதது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012இல் தெளிவாக வகைப்படுத்திவிட்டது.

வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் நிலைக்கு வந்து சேர நம் தேசம் எத்தனை பாடுபட்டது என்பதையும் நினைத்துப் பார். எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் 1985இல் தலைநகரின் காற்றுக்காக உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயம் கலவாத பெட்ரோலும், புதுக் கார்களுக்குக் கன்வர்ட்டரும் வந்தன. பிறகு 2020 ஏப்ரல் முதல் தேதி தொட்டு, பாரத் ஸ்டேஜ் (பி.எஸ்.) 4 என்னும் புகை விதியிலிருந்து நேராக பி.எஸ். 6 விதிக்குத் தாவினோம். டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு விட அனுமதிக்கப்பட்ட துகளின் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாகக் குறைந்தது; அதற்கு ஏற்றவாறு எரிபொருளில் இருக்கும் கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. துகளை இந்த அளவுக்குக் குறைத்துத் தருவது உன் காரின் அடியில் இருக்கும் அந்த ஒற்றை உருளைதான். அதை நீ அறுத்தெறிந்தால், உனக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வரும் தாய்க்கும், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் கூலித் தொழிலாளிக்கும் அந்தச் செலவை மாற்றி எழுதுகிறாய் என்று அர்த்தம். அவர்கள் கொடுப்பது பணமாக இராது, ஆரோக்கியமாக இருக்கும். கார் வாங்கும் வசதி பெற்றவன், வசதியற்றவர்கள் மீது அந்தப் பாரத்தைச் சுமத்துவது நம் குடும்பத்துக்கு உகந்த காரியமல்ல.

இனிமேலாவது இந்த உபத்திரவம் வராதிருக்கச் சில பழக்கங்களைக் கைக்கொள். வாரத்துக்கு ஒரு முறையேனும் செங்கப்பள்ளி தாண்டிச் சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் இருபது முப்பது நிமிஷம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டு. விளக்கு கண் சிமிட்டினாலோ, என்ஜினின் சக்தி குறைந்தாலோ அப்படி ஓட்டிப் பார்க்காமல் பட்டறைக்கே கொண்டு போ. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் உயர்ந்திருந்தால், அரைகுறையாக நின்ற ரீஜெனரேஷனின் டீசல் அதில் கலந்திருக்கலாம். உடனே ஆயிலை மாற்று. துகள் வடிகட்டிக்கென்று கையேட்டில் குறித்துள்ள சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்று. ரீஜெனரேஷனின்போது புகைக்குழாய் நெருப்பாய்க் கொதிக்கும் ஆதலால், கிராமத்துச் சாலைகளில் காயப்போட்டிருக்கும் கொள்ளுச் செடி, வைக்கோல் மீது வண்டியை ஏற்றாதே, நிறுத்தாதே. அடுத்த கார் வாங்கும்போது, நகரத்துக்குள் குறுந்தூரம் மட்டுமே ஓட்டுகிறவனுக்கு டீசல் ஏற்றதுதானா என்பதை முதலில் யோசி.

இந்தக் கடிதம் கண்டதும் ஸ்கேனர் அறிக்கையையும் எஸ்டிமேட்டையும் எனக்கு அனுப்பிவை. இரண்டையும் பார்த்து அபிப்பிராயம் எழுதுகிறேன். நியாயமாகவே பெருஞ்செலவு ஆகுமென்றால், அதுவரை பஸ்ஸில் போய் வா. பணத்தைச் சேர்த்துக்கொண்டு செய்யலாம், குறைந்தால் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பெரியப்பா