விடத்தல்தீவு: ஊரும் அயலவரும்

பெயரில் தீவு இருப்பினும் விடத்தல்தீவு தீவன்று. மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் வீதியில், பெருநிலக் கரையோரம் அமைந்த ஊர். விடத்தல் என்பது ஒரு முள்மரம். கண்டற்காடு சூழ்ந்த இக்கடல் கத்தோலிக்கருக்கும் முஸ்லிம்களுக்கும் ஒருங்கே சோறிட்டது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். இவ்வூர் முஸ்லிம்களும் தப்பவில்லை. எடுத்துச்செல்ல விட்டது சொற்பமே. பலர் புத்தளத்தில் அகதிகளாயினர். அயலவராகிய நாம் அன்று என்ன செய்தோம் என்பது இன்றும் கேட்கத்தக்க கேள்வி.

பின்னர் ஊர் கடற்புலிகளின் தளமாயிற்று. 2008 ஜூலை 16இல் இராணுவம் கைப்பற்றியது. அப்போரில் கத்தோலிக்கரும் இடம்பெயர்ந்தனர்.

போர் முடிந்தபின் இரு சாராரும் திரும்பலாயினர், எல்லாரும் அல்லர். புத்தளத்தில் பிறந்த பிள்ளை தகப்பனின் காணி எல்லையை அறியான். அதைக் காட்டிக்கொடுக்க அடுத்த வளவு முதியவர்தாம் வரவேண்டும்.