மந்த நாடியும் குருதிச் சோதனையும்

நாடி பார்த்து நோயறியும் வழக்கம் நம்மவர்க்குப் புதியதன்று. வளர்ந்தோர் ஒருவர் அமைந்திருக்கும்போது அவர்தம் இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடித்தல் இயல்பாம். அஃது 60 இற் குறையின் மந்த நாடி எனப்படும். எனினும், மந்த நாடி யாவும் நோயன்று. பயின்ற ஓட்ட வீரர்க்கும் ஆழ்ந்துறங்குவோர்க்கும் நாடி 50 இற்குக் கீழும் இறங்குவதுண்டு. மயக்கம், தலைச்சுற்று, மூச்சுத்திணறல் என்பனவற்றுள் ஒன்று உடன் தோன்றின், காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

துடிப்பின் ஒழுங்கை இதய மின்வரைபு காட்டும். அவ்வொழுங்கு தளர்ந்ததன் காரணத்தைப் பல வேளைகளிற் குருதியே உணர்த்தும். அதற்குரிய சோதனைகளுட் சிறந்தவை வருமாறு:

1. பொற்றாசியம்: குருதிநீரில் இதன் இயல்பான அளவு இலீற்றருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 5.0 மில்லிமோல். சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு இது மிகுந்து, இருதயத்தை நிறுத்தவும் கூடும்.

2. தைரொயிட்டு ஓமோன்: இது குறையின் உடல் குளிரும், தோல் வறளும், நாடியும் தளரும். தைரொட்சின் மாத்திரையால் நாடி பெரும்பாலும் முன்னிலை எய்தும்.

3. திகொட்சின்: வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர் 1785 இல் விளக்கியெழுதிய செடியின் இனத்திலிருந்து வந்த மருந்து இது. அளவு மிஞ்சின் மருந்தே நஞ்சாகும். நம்மூர் வேலிகளிற் பூக்கும் மஞ்சள் அலரியின் விதையிலும் இவ்வினத்து நஞ்சு உண்டு. சிறுவரைக் காத்தல் கடனாம்.

4. திரோப்போனின்: இருதயத் தசை சிதைவுற்றதனை இது காட்டும். மாரடைப்பும் நாடியைத் தளர்த்தவல்லது.

இவை யாவும் எல்லார்க்கும் வேண்டியனவல்ல. நோயாளியின் குறிகளை நோக்கி, ஐயம் எழுந்தவிடத்தே சோதித்தல் தகும் என்பதே 2018 இல் அமெரிக்க இருதயவியற் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டியின் கருத்து. மயங்கி வீழ்ந்தவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். சோதனை முடிவுக்காகச் சிகிச்சை காத்திராது.

1958 இல் சுவீடன் நாட்டில் மனித உடலினுள் முதன்முதல் வைக்கப்பட்ட துடிப்பியக்கும் கருவி, பின்னர் எண்ணற்றோரை வாழ்வித்தது. ஆயினும், மருந்தை மாற்றுவதாலோ உப்பின் அளவைச் சீராக்குவதாலோ தீரும் தளர்ச்சிக்கு அக்கருவி வேண்டுவதில்லை. காரணத்தை முதலில் நாடுதலின் பயன் இதுவே.

ஆதலின், முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோர் அவர் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் உடன் கொண்டு செல்க. குருதியழுத்தத்துக்கு உண்ணும் மாத்திரையும் நாடியைத் தளர்த்தலாம். ஆயின், மருத்துவரைக் கேளாது எம்மருந்தையும் நிறுத்தற்க.