தை, மாசியில் கோடியக்கரைக் காட்டு நடை: இப்போது செய்ய வேண்டியவை

மழை ஓய்ந்துவிட்டது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற கோடியக்கரைக் காட்டுத் தடங்களில் இப்போது கால் வைக்க முடிகிறது. மரங்கள் மழையில் குளித்த பசுமையோடு நிற்கின்றன, பள்ளங்களில் இன்னும் நல்ல தண்ணீர் கிடக்கிறது, வடக்கிலிருந்து வந்த பறவைகள் கிளம்பவில்லை. பங்குனி பிறந்தால் வெயில் ஏறும், தண்ணீர் வற்றும். ஆகவே நடக்க நினைப்பவர்கள் தை முதல் தேதியிலிருந்து மாசிக் கடைசிக்குள் நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

கோடியக்கரைக்கு வருகிறவர்களில் பலர் வண்டியிலேயே சதுப்புக்குப் போய்ப் பூநாரையைப் பார்த்துவிட்டு, கலங்கரை விளக்கத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். வழியில் இருக்கும் காடு கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைகிறது. இது பெரிய இழப்பு. சோழமண்டலக் கரை நெடுகிலும் ஒருகாலத்தில் இருந்த வறண்ட பசுமைமாறாக் காடு இன்று பெரும்பாலும் கோயில் காடுகளாகத் துண்டு துண்டாகத்தான் எஞ்சியிருக்கிறது. அதில் இவ்வளவு விரிந்த பரப்பைக் காண்பது அரிது. பாலை, வீரை, நாவல், உகா எனக் கடற்காற்றுக்கும் உப்பு மண்ணுக்கும் பழகிய மரங்கள் மணல் மேடுகளின் மேல் நிற்கின்றன. மேட்டுக்கு மேடு இடையில் புல்வெளி. காலால் நடந்தால்தான் இந்த ஏற்ற இறக்கம் புரியும். ஓர் ஆள் உயரத்துக்கு மண் உயர்ந்தாலே மரம் மாறுகிறது, நிழல் மாறுகிறது.

முதலில் அனுமதி. இந்தக் காடு 1967 முதல் சரணாலயம். 2002-ல் பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நினைத்த பக்கம் நடக்க இங்கே யாருக்கும் உரிமை இல்லை, இருக்கவும் கூடாது. நுழைவாயிலில் வனத்துறையினரிடம் கட்டணம் செலுத்தி, நடக்கப் போவதாகச் சொல்லி, எந்தத் தடம் திறந்திருக்கிறது என்று கேட்டு, வழிகாட்டி ஒருவரைக் கேட்டுப் பெறுங்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இந்தக் காட்டுக்குள் நடக்க வேண்டாம் என்பதே என் கருத்து. எல்லா மேடும் ஒரே மாதிரி தெரியும், உயரமான மலையோ பாறையோ அடையாளத்துக்கு இல்லை. சரணாலயத்தில் உயரமான இடமே இராமர் பாதம் இருக்கும் மணல்மேடுதான். அதுவும் பெரிய உயரமில்லை. கிளம்பும் முந்தின நாள் வனச்சரக அலுவலகத்தைக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. கணக்கெடுப்புக்காகவோ வேறு காரணத்துக்காகவோ சில நாட்கள் அனுமதி நிறுத்தப்படுவதுண்டு.

தை அமாவாசையன்று நடையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆதிசேது என்று சொல்லப்படும் கோடியக்கரைக் கடலில் நீராட அன்று பெருங்கூட்டம் வரும். சாலை நிறைந்துவிடும், மான்கள் உள்ளே ஒதுங்கிவிடும். நீராட வருகிறவர்கள் நீராடட்டும். காடு பார்க்க வேறு நாள் இருக்கிறது.

விடிந்தவுடன் அனுமதி கிடைக்கும் நேரத்துக்கே உள்ளே போய், பத்து மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். தைப் பனியை நம்பி ஏமாற வேண்டாம். காலையில் குளிரும், ஆனால் ஒன்பது மணிக்குமேல் புல்வெளியில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். உள்ளே கடை இல்லை. பள்ளத்துத் தண்ணீர் விலங்குகளுக்கு உரியது.

காலுக்குச் செருப்பு போதாது. சீமைக்கருவேல முள் மெல்லிய ரப்பர் அடியைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். கெட்டி அடி உள்ள ஷூ, கணுக்காலை மூடும் முழுக்கால் சட்டை, முழுக்கை சட்டை. சட்டை நிறம் மண்ணையோ இலையையோ ஒத்திருக்கட்டும். தடத்தோரப் புதர்களில் சங்கஞ்செடியைக் கவனியுங்கள். பார்க்கச் சாதுவான பச்சைப் புதர். குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக நான்கு முள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே காரையும் சூரையும். சூரை முள் வளைந்தது, துணியைப் பிடித்தால் இழுக்காதீர்கள். ஒரு அடி பின்னால் வந்தால் தானே விடும். நடை முடிந்ததும் காலுறை, முழங்கால் மடிப்பு, இடுப்பு மூன்றிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்.

சதுப்பு ஓரத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. இந்த மாதங்களில் சேற்றின் மேல்பகுதி காய்ந்து, வெடித்து, உப்புப் பூத்து, கெட்டித் தரைபோலத் தெரியும். அடியில் இன்னும் மழைநீர் இருக்கிறது. உமரிப் பூண்டு பச்சையும் சிவப்புமாகப் படர்ந்திருந்தால் அதற்கு அப்பால் போக வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வந்தியத்தேவன் இந்தக் கரையில் சேற்றில் சிக்கியதும், பூங்குழலி அவனை மீட்டதும் நினைவிருக்கும். கல்கி வெறும் கற்பனையில் அந்த இடத்தைப் படைக்கவில்லை. கால் புதைந்துவிட்டால் பதறி இழுக்காதீர்கள். மற்றக் காலும் புதையும். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, உடல் எடையைப் பரப்பி, காலை மெல்ல அசைத்து விடுவித்துக்கொண்டு, வந்த வழியே திரும்புங்கள்.

பாம்பு உண்டு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் எல்லாம் டெல்டாக்காரர்களுக்குப் புதியவை அல்ல. குளிர்ந்த காலையில் அவை வெயில் காயத் தடத்துக்கே வரும். சருகுக்குள் கைவிடாதீர்கள், விழுந்த மரத்தைத் தாண்டும்முன் மறுபக்கம் பாருங்கள். கடித்துவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து வேதாரண்யம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மோதிரம், கொலுசு, வாட்ச் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள்.

இனி பார்க்க வேண்டியவை. புல்வெளி விளிம்பில் வெளிமான் நிற்கும். முறுக்குக் கொம்பும் கருத்த முதுகும் கொண்டது கிடா; பெட்டைக்குக் கொம்பு இல்லை. புல்லுக்கு நடுவே ஒரே இடத்தில் குவிந்த புழுக்கையைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். கிடா தன் எல்லையைக் காட்ட மீண்டும் மீண்டும் அதே இடத்தில் போடுவது அது. அந்த எல்லைக்குள் நீங்கள் நுழைந்தால் அது மேய்ச்சலையும் பெட்டைகளையும் விட்டு ஓட வேண்டிவரும். மான் தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறது என்றால் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். படத்துக்காக இன்னும் நாலடி என்று போவது கொடுமை. மட்டக்குதிரைகளும் தென்படும். வீட்டுக் குதிரைகளின் வழிவந்து காட்டுக்குள் பெருகியவை அவை, வெளிமானின் புல்லையே மேய்கின்றன. அவற்றுக்கோ குரங்குகளுக்கோ எதையும் போடாதீர்கள். பிஸ்கட் பொட்டலத்தைக் கண்ட குரங்கு அடுத்து வருகிற குழந்தையின் கையில் இருப்பதைப் பறிக்கும்.

மர நிழலுக்குள் போனதும் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். ஆறுமணிக் குருவி தரையில் சருகைப் புரட்டிப் புழு தேடும் சத்தம் கேட்கும். பச்சை முதுகு, குட்டை வால், வாலடியில் சிவப்பு. தத்தித் தத்திப் போகும். கொடிக்கால் வாலாட்டியும் அரசவால் ஈப்பிடிப்பானும் இதே நிழலில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பூநாரையைத் தொலைவிலிருந்து யாரும் பார்த்துவிடலாம். இந்தக் காட்டுப் பறவைகளுக்குப் பொறுமை வேண்டும். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அவற்றை வரவழைக்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. செய்யாதீர்கள். நெடுந்தூரம் பறந்துவந்து உடம்பைத் தேற்றிக்கொண்டிருக்கும் பறவையின் நேரத்தை அது வீணாக்குகிறது.

காட்டின் நடுவே வெயில் கொட்டும் வெற்றிடங்களையும் காண்பீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்த இடம் இந்தப் பக்கம்தான். முதிர்ந்த மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் செத்தன. அப்படித் திறந்த இடத்தில் சீமைக்கருவேலம் விரைவாக ஏறிக்கொள்ளும், பாலை முளைத்து மரமாக நெடுங்காலம் ஆகும். ஆகவே தடத்தை விட்டு இறங்காதீர்கள். செருப்படியில் நசுங்கும் சிறு கன்று பாலையாக இருக்கலாம். மூலிகை என்று சொல்லி வேரோடு பிடுங்கிக்கொண்டு வருவதும் சரணாலயத்தில் குற்றம்.

மாலையில் கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். பங்குனி ஆமை முட்டையிட ஏறும் காலம் இது. இருட்டியபின் மணலில் டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். மணலில் இரு பக்கமும் துடுப்புப் பதிந்த தடம் கண்டால் தோண்டிப் பார்க்காமல் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கத்தின் எச்சமும் கரையோரத்தில்தான். 2004 சுனாமி அதை உடைத்துப்போட்டது. மிச்சமிருக்கும் செங்கல்லின் மேல் ஏறவோ, ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்ளவோ வேண்டாம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023 ஏப்ரல் முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. அங்கிருந்து சாலை வழி. அகஸ்தியம்பள்ளியில் இறங்கினால் உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணைப் பார்க்காமல் வராதீர்கள். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட ராஜாஜியின் அணி 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30-ம் தேதி உப்பு அள்ளியது. மழை வடிந்த உப்பளங்களில் தொழிலாளர்கள் இப்போது பாத்திகளைச் சீர் செய்துகொண்டிருப்பார்கள். வரப்பில் நடக்குமுன் அவர்களிடம் கேளுங்கள். புதிதாக மிதித்துக் கெட்டிப்படுத்திய தரையில் ஒரு காலடி பட்டாலும் வேலை திரும்பச் செய்ய வேண்டும்.

கொண்டுபோன பிளாஸ்டிக்கை அப்படியே திரும்பக் கொண்டுவாருங்கள், வழியில் கிடப்பதையும் இயன்றவரை சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்து போகாதீர்கள். குழந்தைகளை அழைத்துப் போங்கள், ஆனால் வழிகாட்டிக்கு முன்னால் ஓடவிடாதீர்கள். மாசி முடிவதற்குள் ஒரு வார நாளாகப் பார்த்து, முந்தின இரவே வேதாரண்யத்தில் தங்கி, விடியற்காலையில் கிளம்புங்கள்.