மெத்தையைப் பார்க்காதே, சேஸிஸைப் பார்

தங்கச்சி, உன் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனதும் ஒரு பழைய டீசல் வேன் வாங்கி, அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்து, ராமேஸ்வரத்திலிருந்து காசி வரை போகப்போகிறீர்களாமே. சந்தோஷம். லீவுக்கு வந்த பிரான்ஸ் சொந்தங்கள் 'காம்பிங் கார்' கதை சொல்லி உங்களுக்கு ஆசையைக் கிளப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெரியும். உங்க அத்தான் டிராவல்ஸ் நடத்திய காலத்தில் வாங்கின வண்டி, விற்ற வண்டி எல்லாம் கூடவே இருந்து பார்த்தவள் என்பதால் சில விஷயங்கள் சொல்கிறேன்.

பிரான்சில் மாதிரி பழைய காம்பிங் காருக்கென்று இங்கே பெரிய சந்தை கிடையாது. ஷூட்டிங்குக்கு ஓடி ஓய்ந்த சினிமா கேரவன் மலிவாக வந்தால் மயங்காதே. அது ஒரே இடத்தில் நின்று ஜெனரேட்டரில் ஏசி ஓட்டுவதற்காகக் கட்டியது. மலைப்பாதைக்கும் கிராமத்துச் சந்துக்கும் உதவாது. உங்களுக்கு ஒத்துவரக்கூடியது டெம்போ டிராவலர் மாதிரியான வேன்தான். 1987லிருந்து ஓடுகிற வண்டி. கம்பெனி பெயர் 2005ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆகிவிட்டது, ஜனங்கள் வாயில் இன்னும் டெம்போதான். பழைய மாடல்களின் இன்ஜின் மெர்சிடிஸ் வழி வந்தது. அதைவிட முக்கியம், நெடுஞ்சாலையில் எந்த ஊரில் நின்றாலும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார்.

முதலில் பேப்பர். வண்டியைப் பார்க்கப் போகுமுன்னே ஆர்சி நகலை வாங்கு. நம்பரை அரசின் பரிவாகன் தளத்தில் போட்டால் இன்சூரன்ஸ், எஃப்சி (தகுதிச் சான்று), கடன் பாக்கி எல்லாம் தெரியும். ஆர்சியில் வண்டியின் வகை என்ன என்று பார்ப்பதுதான் பெரும்பாலோர் விட்டுவிடுகிற இடம். 'மோட்டார் கேரவன்' அல்லது 'கேம்பர் வேன்' என்று தனி வகையே இருக்கிறது. ஆர்சியில் பதின்மூன்று சீட் ஆம்னி பஸ், உள்ளே பார்த்தால் கட்டிலும் கிச்சனும் என்றால் அது ஆர்டிஓ அனுமதியில்லாமல் செய்த மாற்றமாக இருக்கலாம். இப்படி மாற்றக்கூடாது என்றுதான் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கம்பெனி கட்டியதற்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் நோண்டுவது இதைத்தான்.

மஞ்சள் போர்டு வண்டி விலை குறைவாக வரும். வாங்கலாம், ஆனால் விற்கிறவரே பெர்மிட்டைச் சரண்டர் செய்து, சொந்த உபயோகத்துக்கு மாற்றித் தரட்டும். மாற்றாமல் ஓட்டினால் மாநிலம் தாண்டும்போது பெர்மிட், வரித் தொல்லை, எட்டு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் எஃப்சி. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

நம்ம புதுச்சேரியில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இங்கே சாலை வரி குறைவு என்று வெளியூர்க்காரர்கள் பிஒய் நம்பர் வாங்குவது ரொம்ப நாள் பழக்கம். 2017ல் கேரளப் பிரபலங்கள் சிலரின் சொகுசுக் கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவாகியிருந்தது பெரிய விவகாரமே ஆனது. ஆகவே பிஒய்-01 என்று இருந்தால் மட்டும் போதாது, ஆர்சியில் உள்ள முகவரியில் அந்த ஆள் நிஜமாகவே இருந்தாரா என்று ஒரு நடை போய் விசாரி. முத்தியால்பேட்டையோ லாஸ்பேட்டையோ, எவ்வளவு தூரம்? தமிழ்நாட்டு வண்டி வாங்கினால் அந்த ஆர்டிஓவிலிருந்து என்ஓசி வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் நம்பரையும் மாற்றியாக வேண்டும். வங்கிக் கடன் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ஃபார்ம் 35ம் வங்கியின் கடிதமும் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதே.

அடுத்தது உப்பு. கடற்கரை ஊரில் பத்து வருஷம் நின்ற வண்டிக்கு மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே சேஸிஸ் பொரிந்திருக்கும். மெக்கானிக்கைக் கூட்டிப் போய், வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரால் சேஸிஸ், ஸ்பிரிங் பட்டை கோர்த்த இடம், படிக்கட்டு அடி எல்லாம் தட்டிப் பார்க்கச் சொல். விற்பதற்கு முன் அடிப்பாகத்தில் புதுசாகக் கறுப்பு கோட்டிங் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். வெள்ளத்தையும் மறக்காதே. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டின மழையில் இங்கே எத்தனை வண்டி முங்கிப் போச்சு! சென்னை வண்டி என்றால் 2015, 2023 வெள்ளங்களை நினைத்துக்கொள். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார், அடியில் சேற்றுக் கறை இருக்கும். சீட் தண்டவாளத்தில் துருவும், ஃபியூஸ் பாக்ஸில் மண்ணும் இருக்கிறதா என்று பார்.

இன்ஜினைக் காலையில் போய்ப் பார், ராத்திரி முழுக்க நின்ற வண்டியாக இருக்கணும். நீ போகும்போதே பானட் சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகாத நோயை மறைக்க முன்னாடியே ஓட்டி வைத்திருக்கலாம். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, செலவு பெரிசு. கறும்புகை இன்ஜெக்டரோ ஏர் ஃபில்டரோ, சமாளிக்கலாம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்கணும். இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார். ஆவி 'புஸ் புஸ்' என்று தள்ளினால் ரிங் தேய்ந்துவிட்டது. டயரில் நாலு இலக்க எண் இருக்கும்: 3219 என்றால் 2019ஆம் வருஷம் 32ஆம் வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரில் தொலைதூரம் போகாதே.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் இருக்கும். ஊருக்குள்ளேயே காய்கறிக்கும் கோயிலுக்கும் ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஓடணும். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு நல்ல நிலையில் உள்ள பிஎஸ்4 தொல்லை குறைவு என்பது என் அபிப்பிராயம். ஆனால் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கு டெல்லி வட்டாரத்தில் 2015லிருந்தே தடை, வழக்கு என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. டெல்லி வழியாக ஹரித்வார் போவதாக இருந்தால் கிளம்பும்போது அன்றைய விதியை விசாரித்துக்கொள்.

உள்ளே பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். மத்தியானம் ஒரு மணிக்குப் போய் அந்தப் படுக்கையில் இரண்டு பேரும் கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள், வெக்கை தெரிந்துவிடும். உன் முட்டிக்கு அந்தப் படி ஏறுமா என்று பார். கழிவறைத் தொட்டியைக் காலி செய்ய நம்ம ஊர்ப் பக்கம் தனி இடங்கள் கிடையாது. கேரளம் 2021ல் கேரவன் சுற்றுலா ஆரம்பித்து வாகமண்ணில் கேரவன் பார்க் திறந்தது, அதுபோன்ற இடங்கள் கொஞ்சம்தான். எனவே ராத்திரி அவசரத்துக்குச் சின்ன போர்ட்டபிள் டாய்லெட் போதும். சமையலுக்கு வீட்டுச் சிலிண்டரைத் தூக்கி ஏற்றாதே; ஐந்து கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும், அதையும் வண்டிக்கு வெளியே வைத்துச் சமை.

லைசென்ஸ்? கார் லைசென்ஸிலேயே 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள வண்டி ஓட்டலாம். 55 வயதுக்கு மேல் 5 வருஷத்துக்கு ஒருமுறை, மெடிக்கல் சர்டிபிகேட்டோடு புதுப்பிக்கணும். டீசல் இங்கே தமிழ்நாட்டைவிட விலை குறைவு, கனகசெட்டிகுளம் தாண்டுமுன் டேங்கை நிரப்பிக்கொள்.

வாங்குவதற்கு முன் இதே மாதிரி வேனை வாடகைக்கு எடுத்து ஏற்காடு பக்கம் ஒரு நாலு நாள் போய் வாருங்கள். பிறகும் ஆசை இருந்தால் ஆர்சி நகலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிற வரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.